சப்பரம் போன தெருவில் நூற்றறுபது வோல்ட்

டக்.

என் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ விரலைச் சொடுக்கியது போல ஒரு சத்தம். கையிலிருந்த கரண்டி நின்றது. பக்கத்து வீட்டு மாடிப்படி வளைவில் மாட்டியிருக்கும் சோலார் இன்வெர்ட்டர் அது. கொஞ்சம் பொறுத்து மறுபடி டக். பிறகு மெல்லிய ரீங்காரம். கம்பத்துக் கரண்டோடு மறுபடி சேர்ந்துகொண்டது. பால் பொங்கி அடுப்பில் வழிந்ததை மூக்குதான் சொன்னது. காது அதற்குள் தெருக்கம்பம் ஏறிவிட்டிருந்தது.

மொட்டை மாடிப் பேனல்களையும் தெருக்கம்பத்துக் கரண்டையும் கைகோக்க வைப்பது அந்தப் பெட்டியின் வேலை. கோத்த கையை அது லேசில் நம்பாது. ஓயாமல் நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். கம்பத்து வோல்டேஜ் இருநூற்று முப்பதை ஒட்டி இருந்தால் சமாதானம். நூற்றெண்பதுக்குக் கீழே சரிந்தால் கையை உதறிவிட்டு விலகிக்கொள்ளும். வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் சேராது. திரையில் 'கிரிட் வோல்டேஜ் லோ' என்று எழுதிவிட்டுக் காத்திருக்கும். உதறினாலும், மறுபடி சேர்ந்தாலும் வரும் சத்தம்தான் டக். அதைத் துரத்திக்கொண்டே என் நல்ல வயது போயிற்று. நன்றாகவே போயிற்று.

முழங்கால் ஒத்துவராமல் ஐம்பதைத் தாண்டியதும் ஏணியை விட்டு இறங்கிவிட்டேன். இறங்கியது கால் மட்டும். திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த சோலார் கம்பெனியில் இப்போது எல்லாம் போனுக்குள் வந்துவிட்டது. எந்த ஊர், எந்த வீடு, எத்தனை வோல்ட் என்று நாற்காலியில் இருந்தே பார்த்துவிடுகிறார்கள். போன வாரம் அங்கிருந்து ரேவதி கூப்பிட்டாள். என் இடத்துக்கு வந்தவள்.

"யக்கா, லோ வோல்டேஜ்னு வந்தா நாங்க இங்கருந்தே ரீசெட் அடிச்சி வுட்டுர்றோம். நீங்க இஸ்திரிப் பொட்டியத் தூக்கிக்கினு ஊர் ஊராப் போவீங்களாமே, மெய்யாவா?"

"மெய்தான்டி."

"எதுக்கு? போற எடத்துல பொடவ தேய்ச்சிக்கவா?"

சிரித்துவிட்டு, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுதுகிறேன்.

படிப்பு ஐ.டி.ஐ. எலக்ட்ரிகல். பயிற்சி என்றால் விழுப்புரத்தில் ஸ்டெபிலைசர் செய்யும் ஒரு சின்னக் கடையில் செம்புக்கம்பி சுற்றியது. சாயங்காலமானால் ஊர் முழுக்க ட்யூப் லைட்டுகள் பற்றிக்கொள்ள முடியாமல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்த காலம். குறைந்த வோல்டேஜ்தான் எனக்கு முதலில் சோறு போட்டது. கம்பி சுற்றிச் சுற்றி விரல் நுனியில் ரேகை தேய்ந்தபோது சோலார் வந்தது. திண்டிவனத்தில் ஆள் கேட்டார்கள். காலை ரயிலில் போய் இறங்கினேன். அவ்வளவுதான்.

அங்கே சர்வீஸ் பிரிவுக்குத் தலைவர் சம்பந்தம் சார். அவரை விரைவாகச் சொல்லிக் கடக்க எனக்கு மனம் வராது.

ஒல்லியான ஆள். சட்டையின் மேல் பாக்கெட்டில் எந்நேரமும் வறுத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து வார்த்தையில் மல்லாட்டை. பருப்பு வாய்க்கு, தோல் பேன்ட் பாக்கெட்டுக்கு. தரையில் ஒரு துணுக்கு விழாது. குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். 'வா' என்பவர் 'வாங்க' என்பார். 'வாங்க' முற்றினால் 'நீங்க பெரியவங்க' என்று வரும். அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்தால் பையைக் கீழே வைத்துவிட்டு முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. பழுது வந்த வீட்டுக்குள் நுழைந்ததும் எதையும் தொடக்கூடாது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கோயில் சுற்றுகிற மாதிரி வீட்டை ஒரு சுற்று. கம்பத்தைப் பார், கம்பியைப் பார், கம்பியில் உரசும் முருங்கைக் கிளையைப் பார். பக்கத்து வீட்டு ஃபேன் எந்த வேகத்தில் சுற்றுகிறது, அதையும் பார். பிறகுதான் மீட்டர் வெளியே வரலாம்.

மீட்டருக்கு அப்புறம் இஸ்திரிப் பெட்டி.

அதன் நியாயம் ரொம்ப எளிது. வீட்டில் ஒன்றுமே ஓடாதபோது வோல்டேஜைப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். ஓட்டை விழுந்த குழாய்கூடத் தண்ணீர் ஓடாத வரை உத்தமக் குழாய்தான். ஒரு சுமையை ஏற்று, அப்புறம் பார். எங்கே இணைப்பு தளர்ந்திருக்கிறதோ அங்கே வோல்டேஜ் குப்புற விழும். சுமைக்கு இஸ்திரிப் பெட்டியைவிட நாணயமான பொருள் கிடையாது. சொருகினால் இழுக்கும், பிடுங்கினால் விடும், நடுவில் நாடகம் ஆடாது. சூட்டுத் திருகை மேலே ஏற்றி வைத்துக்கொண்டால் போதும்.

முதல் மாதமே அது எனக்குக் கைகொடுத்தது. திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர் வீடு. தினமும் லோ வோல்டேஜ். "பொட்டிய மாத்திக் குடுங்க, இல்லாட்டி எடுத்துக்கினு போங்க" என்று ஒரே பிடி. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்ததைப் பார்த்து, "என்னாம்மா, வூடு வாங்க வந்தியா?" என்றார். பேசாமல் இஸ்திரிப் பெட்டியைச் சொருகினேன். இன்வெர்ட்டர் பக்கத்தில் இருநூற்று இருபத்தெட்டு நூற்றெழுபத்தைந்தாகச் சரிந்தது. ஓடிப்போய் வாசல் மீட்டரில் வைத்துப் பார்த்தேன். அங்கே ஆடாமல் இருநூற்று இருபத்தைந்து. கம்பம் குற்றவாளி இல்லை, பெட்டியும் இல்லை. வாசலுக்கும் மாடிக்கும் நடுவில்தான் திருடன். மெயின் சுவிட்சின் மூடியைத் திறந்ததும் கருகிய வாடை முகத்தில் அடித்தது. ஒரு திருகு, ஒரே திருகு, தளர்ந்து கறுத்துக் கிடந்தது. அதைச் சுரண்டி முறுக்கினேன். மாடியில் டக் என்று சேர்ந்துகொண்ட சத்தம் கேட்டது. மருந்துக்கடைக்காரர் உள்ளே பார்த்து, "டீ போடு, சக்கர கொஞ்சம் தூக்கலா" என்றார். அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். ஊரே எனக்குக் கீழே ஓடியது.

இனி அந்தத் தெரு.

முகையூர் பக்கம் ஒரு கிராமம். நடுவில் மாதா கோயில். கோயிலை ஒட்டிக் கிழக்கே போகும் தெருவில் பிலோமினாவின் வீடு. அவள் கணவர் லாரி ஓட்டுபவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அவள் முன்னறையில் தையல் மெஷின்கள் போட்டு, இரண்டு பெண்களைக் கூட வைத்துக்கொண்டு ஜாக்கெட், சுடிதார், பள்ளி யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தாள். 'பொம்பள தனியா இருந்துக்கினு கூரை மேல என்னாத்துக்கு இதெல்லாம்' என்ற சொந்தக்காரர்களை மீறி, அந்தப் பகுதியிலேயே முதல் ஆளாகச் சோலார் போட்டவள்.

அவள் போன் பண்ணினாள். குரல் தணிந்திருந்தது.

"மேடம், ஏற்கெனவே உங்க ஆளு ஒருத்தர் வந்து எல்லாம் சரியா இருக்குதுன்னு பாத்துட்டுப் போனாரு. அவரு போனதும் மறுபடி டக்கு. தெருவுல எல்லாம் எம் மேல கோவமா இருக்குறாங்க. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் கூடிப் பேசி, பேனல எறக்கச் சொல்லப் போறாங்களாம். அதுக்குள்ள வந்து ஒரு வழி பண்ணுங்க."

"அவங்களுக்கு என்னா கோவம்?"

"நான் அவங்க கரண்ட உறிஞ்சுறனாம்."

சனிக்கிழமை போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவில் நின்றேன். கம்பம் நேராக இருந்தது. கம்பியில் கிளை படவில்லை. எதிர்வீட்டு வாசலில் ஒருவர், ஏணி மேல் காலைப் போட்டுக்கொண்டு, சுருள் சுருளாகச் சீரியல் பல்பு ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஊரில் அவர் பெயர் லைட்டு ஆரோக்கியம். திருவிழா வந்தால் மாதா கோயில் கோபுரத்திலிருந்து தெருக்கோடி வரை விளக்கு கட்டுவது அவர்தான். கரண்ட் விஷயத்தில் அந்தத் தெருவுக்கு அவர் சொன்னதுதான் வேதம்.

"வாங்க மேடம்" என்றார். "எங்க கரண்டு எவ்ளோ உறிஞ்சியிருக்குதுன்னு அளந்து பாத்துட்டு, அப்டியே திருப்பிக் குடுத்துட்டுப் போங்க."

உள்ளே மெஷின்கள் எல்லாம் துணி போர்த்திக் கிடந்தன. வேலை செய்யும் பெண்களையும் காணோம்.

"ஏன் எல்லாம் நிறுத்தி வச்சிருக்கற?"

"நீங்க வர்றீங்கன்னுதான் மேடம். வந்தவங்க எதிர்ல கடகடன்னு ஓட்டிக்கினு இருந்தா மரியாதையா இருக்குமா? போன தடவ அவரு வந்தப்பவும் நிறுத்திட்டுதான் காப்பி குடுத்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஆள் வந்தபோது எல்லாம் சரியாக இருந்ததன் ரகசியம் அந்தக் காப்பி டம்ளரில் இருந்தது. விருந்தோம்பல் பழுதையே மூடி வைத்திருந்தது.

இஸ்திரிப் பெட்டியைச் சொருகினேன். இருநூற்று இருபத்தொன்பது மளமளவென்று நூற்றுத் தொண்ணூறுக்கு வந்தது. "உன்னோடதையும் போடு" என்றேன். அவளும் தன் பெட்டியைச் சொருகினாள். நூற்றறுபது. மாடிப்படியில் டக். திரையில் அந்த மூன்று வார்த்தைகள். வாசல் மீட்டருக்கு ஓடினேன். அங்கேயும் நூற்றறுபது. ஆக, வீடு சுத்தம். குறை வெளியே.

கரண்ட் ஆபீசுக்குச் சொன்னோம். லைன்மேன் வந்தார். தண்டபாணி என்று பெயர், நல்ல மனிதர். அவள் வீட்டுக்கு ஒயர் இறங்கும் கம்பத்தில் ஏறி இணைப்பை ஆட்டிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. "இங்க ஒண்ணுமில்லியே மேடம்" என்று கையைத் தட்டிக்கொண்டு இறங்கினார். ஆரோக்கியம் ஏணி மேலிருந்து காலை எடுக்காமலே சிரித்தார்.

வீடு சுத்தம். கம்பம் சுத்தம். எனக்கு முன்னால் ஒரு சுவர். அந்தச் சுவரில் ஒரு சின்னக் கதவு இருந்ததும் எனக்குத் தெரியும். இன்வெர்ட்டருக்குள் ரகசிய எண் போட்டு நுழைந்து, நூற்றெண்பது என்ற எல்லையை நூற்றைம்பதாக இறக்கிவிடலாம். டக் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை கூடுபவர்களுக்குச் சத்தம் கேட்காது. சுள்ளென்ற மதியம், வேர்வை கண்ணில் இறங்குகிறது. விரல் அந்தப் பொத்தான் மேலேயே இருந்தது. சாரைக் கூப்பிட்டேன்.

கேட்டுக்கொண்டே இருந்தார். மல்லாட்டை உடையும் சத்தம்கூட இல்லை.

"அது கத்துதுங்க" என்றார். "கத்துறவன் வாயப் பொத்துறதா நம்ம வேல? நீங்க பெரியவங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

வைத்துவிட்டார். நான் மறுபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். முதலில் இருந்து.

அப்போதுதான் ஆரோக்கியத்தின் மனைவி செசிலி வாசலுக்கு வந்தாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துப் பேசினாள்.

"இவ வூட்டுப் பொட்டி டக்குங்குது, எங்க வூட்டு பல்பு டப்புங்குது. டக்கு, டப்பு. டக்கு, டப்பு. ரெண்டு காதாலயும் கேட்டவ நானு. பல்பு வாங்கியே பேஜாராப் பூடுச்சி. இனிமே இவகிட்ட யாரு துணி குடுப்பா?"

பிலோமினா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளிடம் முதலில் துணி கொடுப்பதை நிறுத்தியவள் செசிலிதான். அவளைப் பார்த்து மற்றவர்களும்.

எனக்கு மட்டும் அந்தத் திட்டு மழைத்தூறல் மாதிரி இறங்கியது. வோல்டேஜ் குறைந்தால் பல்பு மங்கும். வெடிக்காது. வெடிக்க வேண்டுமென்றால் வோல்டேஜ் கூட வேண்டும். இந்தப் பக்கம் குறைகிறது, அந்தப் பக்கம் கூடுகிறது. ஒரே நேரத்தில். செசிலியின் காது பொய் சொல்லவில்லை. நான்தான் தெருவின் ஒரு பக்கத்தை மட்டும் அளந்துகொண்டிருந்தேன்.

தெருவில் ஓடுவது நாலு கம்பி. மூன்று கம்பிகள் கரண்டைக் கொண்டுவரும். நாலாவது நியூட்ரல், எல்லார் வீட்டுக் கரண்டையும் திரும்ப அழைத்துப்போகும். வீடுகளை அந்த மூன்று கம்பிகளுக்கும் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். நியூட்ரல் உறுதியாக இருந்தால் ஒரு வீட்டுச் சுமை இன்னொரு வீட்டுக்குத் தெரியாது. அது எங்கேயாவது அறுந்தும் அறாமலும் இருந்தால் தெருவே ஒரு தராசு ஆகிவிடும். இந்தத் தட்டில் சுமை ஏறி இது இறங்கினால், அந்தத் தட்டு வானத்துக்குப் போகும்.

"பிலோமினா, இது எப்பலருந்து?"

"எல்லாரும் சோலார் வந்ததுலருந்துன்னு சொல்றாங்க."

"எல்லாரும் இருக்கட்டும். நீ சொல்லு."

யோசித்தாள். "பேனல் மாட்டி மாதா திருவிழா வரைக்கும் ஒண்ணுமே இல்ல மேடம். நல்லாத்தான் இருந்துது. சப்பரம் போச்சு, மழ புடிச்சிது, அப்புறந்தான்."

நான் தெருவை மேற்கே நடந்தேன். கோயில் பக்கத்து வீடுகளில் விசாரித்தேன். அங்கே யாருக்கும் பல்பு போகவில்லை, ஃபேன் மெதுவாகவில்லை. கிழக்கே வர வர ஒவ்வொரு வீட்டிலும் ஒரு புலம்பல். புலம்பல் தொடங்கும் இடத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கம்பிகள் தெருவைக் குறுக்காகத் தாண்டின. அண்ணாந்து பார்த்தேன். நாலில் அடியில் ஓடிய கம்பியின் முடிச்சில் என்னவோ ஒரு சிவப்பு ஜிகினாத் தாள், காற்றில் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

லைன்மேனுக்குப் போன் போட்டேன். மறுநாள் வருகிறேன் என்றார். அன்றிரவு பிலோமினா வீட்டிலேயே தங்கினேன். தூக்கம் எங்கே வரும்? உடம்புக்குள் ஏதோ ஒரு ரிலே சுவிட்ச் டக் டக்கென்று சேர்வதும் விடுவதுமாக இருந்தது.

ஞாயிறு. பூசை முடிந்து சனம் தெருவுக்குள் வந்தது. வெள்ளை வேட்டிகளும், தலையில் முக்காடு இன்னும் எடுக்காத பெண்களுமாக பிலோமினாவின் வாசலில் கூடிவிட்டார்கள். ஆரோக்கியம் முன்னால் நின்றார்.

"மேடம், நாங்க உங்களோட சண்டைக்கு வரல. பொட்டிய எறக்கிடுங்க. தெரு நல்லா இருக்கட்டும்."

"எறக்கிடலாம்ணே" என்றேன். கூட்டம் சலசலத்தது. பிலோமினா என் முகத்தைப் பார்த்தாள். "அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேல. வாங்க, நீங்களே உங்க கையால சோலார நிறுத்துங்க."

மாடிப்படிக்கு அழைத்துப்போனேன். சுவிட்சை அவரையே இறக்க வைத்தேன். அதன் பக்கத்தில் இருந்த ஃபியூஸ் கட்டையைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"பாக்கெட்ல போட்டுக்குங்க. இப்ப சோலார் உங்க சட்டப் பாக்கெட்ல இருக்குது. சரியா?"

"சரி."

"எல்லாரும் பாத்துக்குங்க" என்று பிலோமினா கத்தினாள். அதுவரை தணிந்தே இருந்த குரல்.

செசிலியிடம் போய் டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் பிடுங்கி வைக்கச் சொன்னேன். அவள் வீட்டு பிளக்கில் ஒரு மீட்டரை மாட்டி, எண் மாற மாறச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். "எனக்கு நம்பர் எல்லாம் நல்லாத் தெரியும்" என்று இடுப்பில் கைவைத்தாள். இந்தப் பக்கம் இன்னொரு மீட்டரோடு பிலோமினா. நடுத்தெருவில் நான். என்ன நடக்கிறது என்று புரியாமலே தெரு அடங்கிப்போனது.

"செசிலி, எவ்ளோ?"

"எரநூத்தி முப்பத்திரண்டு!"

"பிலோமினா?"

"எரநூத்தி இருவத்தெட்டு!"

உள்ளே போய் என் இஸ்திரிப் பெட்டியைச் சொருகினேன்.

"நூத்தித் தொண்ணூறு!" என்றாள் பிலோமினா.

எதிரே இருந்து கொஞ்சம் தயக்கம். பிறகு, "ஏறுது... எரநூத்தி அம்பது!"

பிலோமினாவின் பெட்டியையும் சொருகினேன்.

"நூத்தியறுவது!"

"அய்யய்யோ, எரநூத்தி எழுவது!"

இரண்டையும் பிடுங்கினேன். இரண்டு பக்கமும் இருநூற்று முப்பதை ஒட்டி வந்து நின்றன. மறுபடி சொருகினேன். அந்தத் தட்டு ஏறியது, இந்தத் தட்டு இறங்கியது. கூட்டத்தில் யாரோ, "டேய், ஏத்தம் எறைக்கிற மாதிரி இல்ல இருக்குது!" என்றார். சிரிப்பு கிளம்பியது. கிழக்கு வீடுகளில் இருந்து "எங்க வூட்லயும் பாருங்க", "எங்க ஃபேன் நின்னுபூடுச்சி" என்று குரல்கள். தெரு முழுக்க ஒரே ராட்டினமாக ஆடியது. நான் நடுவில் நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் எந்தத் தெருவிலும் நின்றதில்லை.

ஆரோக்கியம் சிரிக்கவில்லை. கையைச் சட்டைப் பாக்கெட்டுக்குக் கொண்டுபோய் அந்த ஃபியூஸ் கட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சோலார் உங்ககிட்டதான் இருக்குது" என்றேன்.

"தெரியுது" என்றார்.

தண்டபாணி வந்தார். டிரான்ஸ்ஃபார்மரில் கரண்டை நிறுத்தி, சரிபார்த்து, கம்பியை எர்த் பண்ணிய பிறகு குறுக்குக் கம்பி தொடங்கும் கம்பத்தில் ஏறினார். அடிக்கம்பியின் முடிச்சை உலுக்கினார். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. முடிச்சு கையோடு வந்துவிட்டது. மேலிருந்தபடியே அதைத் தூக்கிக் காட்டினார்.

"யாருய்யா கட்டுனது இத? அலுமினியக் கம்பிய சீரியல் செட்டு செம்புக் கம்பியப் போட்டு சுத்தி வச்சிருக்கு! மழத்தண்ணி பட்டு ரெண்டும் ஒண்ண ஒண்ணு தின்னுக்கினு கெடக்குது. இதுதான்யா உங்க தெருவுக்கே நியூட்ரல்!"

ஜிகினாத் தாள் மெதுவாகச் சுழன்று வந்து தெருவில் விழுந்தது. எல்லார் கண்ணும் அதையே பார்த்தன. விளக்கோடு அந்தச் சிவப்பு ஜிகினாவையும் சேர்த்துக் கட்டுபவர் அந்த ஊரில் ஒருவர்தான்.

"நான்தான்" என்றார் ஆரோக்கியம். "சப்பரத்துக்காகக் கரண்ட நிறுத்தியிருந்துது. மேல வச்ச சிலுவ அந்த அடிக்கம்பில தட்டிடுச்சி. மழ வேற எறங்கப் போவுது. மாதாவ நடுத்தெருவுல நிறுத்தி வச்சிக்கினு எவ்ளோ நேரம் நிக்கிறது? ஜல்தியா அவுத்து வுட்டேன். சப்பரம் போனதும் கையில இருந்த கம்பியப் போட்டு முறுக்கிட்டேன். நல்லாத்தான் முறுக்குனேன்."

"முறுக்குனது நல்லாத்தான்ணே முறுக்கியிருக்கீங்க" என்றேன். "செம்பும் அலுமினியமும்தான் ஒத்துப்போவல."

தண்டபாணி கம்பியைப் பளபளவென்று சுரண்டி, அலுமினியத்துக்கு உரிய கிளாம்ப் போட்டு இறுக்கினார். "இனிமே கம்பத்துல ஏறுன, உன்ன சப்பரத்துலயே கட்டி வச்சிருவேன்" என்று ஆரோக்கியத்தைத் திட்டியபடி இறங்கினார். கரண்ட் வந்தது. இரண்டு இஸ்திரிப் பெட்டி, எல்லா மெஷின்கள், கிரைண்டர், மோட்டார். "போடு, போடு, எல்லாத்தையும் போடு" என்று தெருவே கத்தியது. பிலோமினாவின் மீட்டர் இருநூற்று இருபத்தாறுக்குக் கீழே வரவில்லை. செசிலியின் மீட்டர் இருநூற்று முப்பத்தொன்றைத் தாண்டவில்லை. ஆரோக்கியம் பாக்கெட்டில் இருந்த கட்டையை எடுத்து, மாடிப்படி ஏறி, தானே சொருகினார். சுவிட்சைத் தூக்கினார்.

காத்திருந்தோம். டக்.

செசிலி வாயில் கைவைத்துக்கொண்டு தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். டப் வரவில்லை. வெயில் முழுசாகக் கம்பிக்குள் இறங்கி, அக்கம்பக்கத்து ஃபேன்களையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

சாருக்குப் போன் போட்டேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். சிலுவை, ஜிகினா, ஏற்றம் இறைத்தது.

"நீங்க பெரியவங்க" என்றார்.

எங்கே தப்பு பண்ணினேன் என்று முதலில் இருந்து யோசிக்கத் தொடங்கினேன். அப்போது போனுக்குள் படக்கென்று ஒரு மல்லாட்டை உடைந்தது. இன்னொன்று. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் வேலைக்காலம் முழுவதற்கும் அந்த இரண்டு மல்லாட்டை எனக்குப் போதும்.

ரேவதி, இதைத்தான் உனக்குச் சொல்ல நினைத்தேன். உன் போன் திரை எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. அது அந்த வீட்டின் எண்ணைச் சொல்லும். எதிர்வீட்டு பல்பை யார் சொல்வது? அதற்குத் திட்டு வாங்கத் தெருவில் நிற்க வேண்டும். என் இஸ்திரிப் பெட்டி இங்கே சும்மா இருக்கிறது. வந்து எடுத்துக்கொள். புடவையும் நன்றாகத் தேய்க்கும்.

அந்த ஞாயிறு சாயங்காலம் பிலோமினா பஸ் ஸ்டாப் வரை வந்தாள். என் பையை அவள்தான் தூக்கிவந்தாள். விழுப்புரம் பஸ் தூரத்தில் புழுதியோடு தெரிந்தபோது ஆரோக்கியம் வண்டியில் வந்து நின்றார். மன்னிப்பு கேட்பார் போலிருந்தது. அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"மேடம், அந்த இஸ்திரிப் பொட்டி எங்க கெடைக்கும்? சீரியல் செட்டு கட்டுற எடத்துல எல்லாம் இனிமே சொருகிப் பாத்துட்டுதான் கட்டப் போறேன்."

நான் பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்தேன். பிலோமினா பையை என் கையில் கொடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"கடைக்கு எதுக்குண்ணே போற? எங்க வூட்ல பழசு ஒண்ணு சும்மா கெடக்குது, வந்து எடுத்துக்கினு போ. வர்றப்ப செசிலி அண்ணியோட ஜாக்கெட்டுத் துணியக் கொண்டாந்துடு. அளவு எங்கிட்டயே இருக்குது."